யார் வீட்டு எண்ணெய்

அலாஸ்காவின் தென்கரையில் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்று ஓர் உள்கடல் இருக்கிறது. தீவுகளும் பனியாறுகளும் சூழ்ந்த இடம். அங்கே கடலேற்றம் எட்டும் உயரத்தில், பாறைகளின் முகத்தில் தட்டையாக அப்பிக் கிடக்கும் தார்ப்பொட்டுகளைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு நெருடல் போகமாட்டேன் என்கிறது. 1989 மார்ச் 24, புனித வெள்ளி. எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அந்த உள்கடலில் ப்ளைத் திட்டில் ஏறி, ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதன் பிறகு சில ஆண்டுகள் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கீத் க்வென்வோல்டனும் சகாக்களும் அந்தக் கரைகளில் எண்ணெய் மிச்சங்களைச் சுரண்டி எடுத்துவந்து ஆராய்ந்தார்கள். தேடியது கப்பலின் எண்ணெயை. கிடைத்தவற்றில் பல கப்பலுடையவை அல்ல. கரிம ஐசோடோப்பு விகிதமே காட்டிக்கொடுத்துவிட்டது: கப்பல் எண்ணெயின் மிச்சங்கள் ஆயிரத்துக்கு −29.4 என்ற அளவில் நிற்க, இந்தத் தார்ப்பொட்டுகள் −23.7 என்றன. மேலும் நுணுகிப் பார்த்தபோது அவை மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கலிஃபோர்னியாவின் மான்டெரே பாறை அடுக்கில் பிறந்த எண்ணெயின் வழித்தோன்றல்கள் என்று தெரிந்தது. 1995-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கொலை நடந்த வீட்டில் கைரேகை எடுக்கப் போனவர்களுக்குச் சுவரெங்கும் வேறொருவரின் பழைய ரேகை கிடைத்திருக்கிறது. இதில் எனக்கு என்ன நெருடல்? அந்தப் பழைய ரேகைக்கு உரியவரைக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தை வியந்துகொண்டிருக்கும்போதே, கொலையைப் பற்றிப் பேசுவது ஒரு கணம் நின்றுபோகிறது. அந்த ஒரு கணம்தான்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தாரைக் கரைப்பானில் கரைத்து, வகை பிரித்து, ஒரு சொட்டிலும் சிறு பங்கைத் தலைமுடி கனத் துளை கொண்ட பல மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். சுருட்டி வைத்த குழாய் ஓர் அடுப்புக்குள் இருக்கும். வெப்பம் நிதானமாக ஏறிக்கொண்டே போகும். இலேசான மூலக்கூறுகள் முந்தும், பருத்தவை பிந்தும். குழாயின் மறுமுனையில் அவை ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டு, உடைந்த துண்டுகளின் எடை அளக்கப்படுகிறது. 191 என்ற எடையுள்ள துண்டை மட்டும் கவனி என்று கருவிக்குச் சொன்னால் ஹோப்பேன்கள் என்ற வளையக் கூட்டு மூலக்கூறுகள் வரிசையாக எழும். 217 என்றால் ஸ்டீரேன்கள் என்ற இன்னொரு வகை. 191-இன் வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு முகம். நடுவில் 29 கரிமமும் 30 கரிமமும் கொண்ட இரண்டு உயர்ந்த முகடுகள், பிறகு 31 முதல் 35 வரை இரட்டை இரட்டையாகப் படியிறங்கும் சிறு முகடுகள். மான்டெரே எண்ணெயில் இந்த முகம் கோணிக்கொள்கிறது. 29-க்கு முன்னால், பெரும்பாலான எண்ணெய்களில் இருக்கும் இடம் தெரியாத ஒரு முகடு, 28 கரிமம் கொண்ட 28,30-பிஸ்நார்ஹோப்பேன், நெடுநெடுவென்று எழுந்து நிற்கும். பூக்கும் தாவரங்களிலிருந்து வரும் ஒலியனேனும் அருகில் தலைகாட்டும். வடக்கே ப்ரூடோ வளைகுடாவிலிருந்து குழாயில் வந்து கப்பல் ஏறிய எண்ணெயில் ஒலியனேன் இல்லை. அதன் முக்கிய மூலப்பாறை ட்ரையாசிக் காலத்து ஷுப்ளிக் அடுக்கு. பூக்கள் பூமியில் பரவுவதற்கு வெகு முன்பே படிந்த சேறு அது.

இந்த மூலக்கூறுகள் எண்ணெயில் இருக்கும் அளவு அற்பம். ஒவ்வொன்றும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு, மிஞ்சினால் சில நூறு பங்கு. எண்ணெயை எண்ணெயாக்குவது இவை அல்ல. வண்டி ஓட்டுவதும் உலை எரிப்பதும் மற்றவை. அந்த மற்றவற்றுக்கு அடையாளம் கிடையாது. பாறைக்குள் வெந்து, உடைந்து, நீண்ட சங்கிலிகள் குட்டையாகி, எந்தக் கடலின் எந்தப் பாசியிலிருந்து வந்தோம் என்பதையே அவை தொலைத்துவிட்டன. வேகாமல், உடையாமல், கிருமி தின்னாமல் முரண்டுபிடித்து மிஞ்சிய சில வளையக் கூடுகள்தான் பூர்வீகம் சொல்கின்றன. அப்படியானால் ஓர் எண்ணெயின் 'மூலம்' என்று நாம் சொல்வது, அதில் மாற மறுத்த பங்கின் மூலத்தை மட்டும்தானா? பெரும்பங்கும் அதே இடத்திலிருந்து வந்தது என்பது நியாயமான அனுமானம்தான். ஆனால் அனுமானம். இந்தத் துறையின் பெரிய கைகள் இதை நன்றாக அறிந்தவர்கள். 1970-களில் கலிஃபோர்னியாவின் ஷெவ்ரான் ஆய்வகத்தில் வோல்ஃப்காங் சைஃபர்ட்டும் மைக்கேல் மோல்டோவனும் எண்ணெயையும் பாறையையும் இப்படிப் பொருத்திப் பார்க்கும் வேலையைத் தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். 1979-இல் அவர்கள் ப்ரூடோ எண்ணெயை எடுத்து ஆராய்ந்தபோது கிடைத்த விடை ஒற்றைப் பாறை அல்ல. ஷுப்ளிக், அதற்கு மேலே கிங்காக், அதற்கும் மேலே இன்னுமொரு களிப்பாறை என்று மூன்று அடுக்குகள் அந்தத் தேக்கத்துக்குள் தங்கள் பங்கை வடித்திருக்கின்றன. பிறகு அலாஸ்காவைக் குறுக்கே கடக்கும் 1,300 கிலோமீட்டர் குழாயில் பல வயல்களின் எண்ணெய் கலந்துதான் வால்டீஸ் துறைமுகம் வருகிறது. கப்பலின் வயிற்றில் இருந்தது ஒரு கூட்டுக்குடும்பம். அதற்கு ஒரே ஊர் கேட்பது நம்முடைய பழக்கம்.

வரலாற்றில் இந்தத் துறை நடந்துவந்த திசையும் எனக்கு விசித்திரமாகவே படுகிறது. 1930-களில் மியூனிக்கில் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ் எண்ணெய்க்குள்ளும் களிப்பாறைக்குள்ளும் போர்ஃபிரின்களைக் கண்டார். இலையின் பச்சையத்தில் மக்னீசியம் உட்கார்ந்திருந்த இடத்தில் வனேடியம் உட்கார்ந்திருந்தது, கூடு பெரும்பாலும் அப்படியே. அதுவரை எண்ணெய் உயிர்களிடமிருந்து வந்ததா என்பதே வழக்கு. ட்ரைப்ஸுக்கு மூதாதை முன்பே தெரியும்: பச்சையம். வாரிசைப் பாறைக்குள் அடையாளம் கண்டார். ஹோப்பேன்களின் கதையோ தலைகீழ். தென்னாசியக் காடுகளில் குங்கிலியம் வடிக்கும் மரக்குடும்பத்தில் ஹோபியா என்று ஓர் இனம். நம் சோழமண்டலக் கரையில் கம்பெனி மருத்துவராக இருந்து செடிகொடிகளைப் பதிவு செய்த வில்லியம் ராக்ஸ்பரோ தன் ஆசிரியர் ஜான் ஹோப்பின் பெயரை அதற்கு வைத்தார். அந்தக் குடும்பத்துக் குங்கிலியத்திலிருந்து 1955-இல் பிரித்தெடுத்த பொருளின் வழியாகத்தான் இந்த ஐந்து வளையக் கூட்டுக்குப் பெயர் வந்தது. சாம்பிராணித் தட்டின் வாசனைக்குப் பக்கத்தில் பிறந்த பெயர். ஆனால் ஸ்ட்ராஸ்பர்கில் கீ ஊரிசோனும் பியர் அல்பிரெக்டும் உலகெங்கும் உள்ள படிவுகளையும் எண்ணெய்களையும் பார்த்துக்கொண்டே போனபோது, எல்லாவற்றிலும் ஹோப்பேன்கள், அதுவும் 35 கரிமம் வரை நீண்டவை. எந்த மரத்திலும் அப்படிப்பட்ட நீளம் இல்லை. இவ்வளவு வாரிசுகள் இருந்தால் மூதாதை எங்கோ ஏராளமாக இருந்தே ஆக வேண்டும் என்று வாதிட்டார்கள். இருந்தது. காடியைப் புளிக்கவைக்கும் வகை பாக்டீரியாவின் சவ்வில், மரத்தோடு சம்பந்தமே இல்லாமல். பூமியில் மிக அதிகமாக உள்ள இயற்கைப் பொருளே இவைதானோ என்று 1992-இல் ஊரிசோனும் அல்பிரெக்டும் கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்கள். அத்தனை ஏராளமான ஒன்று, செத்து எண்ணெயாகிக் கருவிக்குள் போன பிறகுதான் நம் கண்ணில் பட்டது.

மேலே சொன்ன 28,30-பிஸ்நார்ஹோப்பேனுக்கு அந்தக் கதையின் இரண்டாம் பாதி, அதாவது மூதாதையைக் கண்டுபிடிப்பது, இன்னும் நடக்கவில்லை. மான்டெரேயைத் தார்ப்பொட்டில் காட்டிக்கொடுத்த அந்த நெடிய முகட்டை எந்த உயிர் உண்டாக்கியது என்று யாருக்கும் தெரியாது. பிராணவாயு இல்லாத, கந்தகம் நாறும் கடலடிச் சேற்றில் வாழ்ந்த ஏதோ பாக்டீரியாவாக இருக்கலாம் என்கிறார்கள். உயிருள்ள எதிலும் அதன் மூலவடிவம் பிடிபடவில்லை. மற்ற ஹோப்பேன்களைப் போல அது கெரோஜனோடு, அதாவது பாறையின் கரையாத கரிமப் பிண்டத்தோடு, பிணைந்தும் இருப்பதில்லை, தனியே திரிகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவித அச்சம் கலந்த மகிழ்ச்சி. ஊர் தெரிந்துவிட்டது, பாறை தெரிந்துவிட்டது, ஏறக்குறைய காலமும் தெரிந்துவிட்டது: மயோசீன், டயாட்டம் பாசிகளின் கண்ணாடி ஓடுகள் மழையாக விழுந்து படிந்த காலம். அடையாளத்தை விட்டுச்சென்றவர் யார் என்பது மட்டும் தெரியாது. அந்த அறியாமை அடையாளத்தின் பயனைத் துளியும் குறைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாறைத் துண்டு கையில் இருந்தால் போதும், வேலை நடக்கும். இந்த அறிவு முழுவதும் ஒப்பிடுதலில்தான் நிற்கிறது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மூலக்கூறு தானாக எந்த ஊரையும் சொல்வதில்லை. யாராவது ஏற்கனவே அந்த ஊருக்குப் போய்ப் பாறை பெயர்த்து வந்திருக்க வேண்டும். போகாத ஊரின் எண்ணெய் அநாதை எண்ணெய்தான்.

கொஞ்சம் விலகிப் போய் ஒரு சங்கடமான கதையையும் சொல்ல வேண்டும். 1999-இல் ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், 270 கோடி ஆண்டு பழைய பாறைகளில் ஸ்டீரேன்கள் கிடைத்ததாக யோகன் ப்ராக்ஸும் உடன் உழைத்தவர்களும் எழுதினார்கள். ஸ்டீரேன் என்றால் உட்கரு கொண்ட உயிர்கள், ஏறக்குறைய நம் வம்சம். அவ்வளவு பழையதா என்று உலகம் அசந்து போனது. 2008-இல் அந்தப் பாறையின் கரிமத்தை நுண்ணளவில் ஆராய்ந்து, ஸ்டீரேன்கள் பாறையின் சொந்தச் சொத்து அல்ல, பின்னால் வந்து புகுந்தவை என்றொரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ப்ராக்ஸும் ஒருவர். 2015-இல் எண்ணெய்ப் பசை படாமல் அதீதக் கவனத்தோடு துளையிட்டு எடுத்த புதிய மாதிரிகளில் தேடியபோது ஒன்றுமே இல்லை. துளையிடும் கருவியின் மசகு, சேமிப்புப் பெட்டி, ஆய்வகத்தின் காற்று என்று எங்கும் இந்த மூலக்கூறுகள் இருக்கின்றன. நம் நூற்றாண்டே அவற்றில் முங்கிக் கிடக்கிறது. 2-மெத்தில்ஹோப்பேன் கதையும் இதே கணக்கு. பிராணவாயு உண்டாக்கும் நீலப்பசும்பாசியின் முத்திரை என்று 1999-இல் கொண்டாடப்பட்டது. 2007-இல், பிராணவாயுவே உண்டாக்காத வேறொரு பாக்டீரியாவும் அதைச் செய்வது தெரிந்தது. முத்திரை குத்தும் கை ஒன்றுக்கு மேல். இவற்றைச் சொல்வது துறையைக் குறைசொல்ல அல்ல. தன் சாட்சியைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் துறைகள் அதிகம் இல்லை. ஆனால் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன் எங்கெங்கே உட்கார்ந்து யாரோடு பேசிவிட்டு வந்தது என்ற கேள்வி, அதற்குப் பிறகு எனக்கு ஓயவே இல்லை.

திரும்ப அலாஸ்காவுக்கு. மான்டெரே எண்ணெய் அங்கே எப்படி வந்தது? க்வென்வோல்டன் குழு சொன்ன விடை 1964. மார்ச் 27, அதுவும் புனித வெள்ளி. 9.2 அளவில் நிலநடுக்கம். வால்டீஸ் ஊரின் துறைமுக முகப்பு அப்படியே சரிந்து கடலுக்குள் போனது. துறையில் நின்றிருந்த 30-க்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். ஊரையே பிறகு சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். அன்று உடைந்தவற்றில் தார்த் தொட்டிகளும் இருந்தன. அலாஸ்காவின் சொந்த எண்ணெய் பெருகுவதற்கு முன், சாலை போடவும் ஓடுபாதை போடவும் தார் கலிஃபோர்னியாவிலிருந்து கப்பலில்தான் வந்தது. பொருத்தமான விளக்கம், நானும் நம்புகிறேன். ஆனால் எந்த இடத்தில் வேதியியல் நின்று கதை தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். 191-இன் முகம் கலிஃபோர்னியா வரை கூட்டிப்போகிறது. அங்கிருந்து வால்டீஸ் தொட்டிக்குக் கூட்டிவருவது துறைமுகப் பதிவுகளும் நடுக்கத்தைப் பார்த்தவர்களின் நினைவும்தான். மூலக்கூறில் தேதி கிடையாது. லட்சக்கணக்கான ஆண்டுகளை அது பேசும். 1964-ஆ 1954-ஆ என்று கேட்டால் விழிக்கும். எந்த உயிர், எந்தப் பாறை, எந்தத் தொட்டி, யாருடைய கவனக்குறைவு என்று 'எங்கிருந்து' என்ற ஒரே கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதல் இரண்டுக்கு விடை சொல்லும் துல்லியத்தின் பளபளப்பு கடைசி இரண்டின் மேலும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. நான் பயப்படுவது இந்த ஒட்டுதலைத்தான்.

பயம் காரணமில்லாதது அல்ல. அதே உள்கடலின் அடிச்சேற்றிலும் பழைய ஹைட்ரோகார்பன்கள் இருந்தன, கப்பலுக்கு வெகுகாலம் முந்தியவை. கப்பல் எண்ணெயில் இல்லாத ஒலியனேன் அவற்றில் இருந்தது. ஆகவே அவை கப்பலுடையவை அல்ல என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். எதனுடையவை என்பதில்தான் சண்டை. கப்பலுக்கு உரிய எக்ஸான் நிறுவனத்தின் பணத்தில் ஆய்வு செய்தவர்கள், கிழக்கே கட்டாலா, யாகட்டாகா கரைகளில் இயற்கையாகவே ஊறிவரும் எண்ணெய்க் கசிவுகள் என்றார்கள். கரையோர நீரோட்டம் மேற்கே அடித்துக்கொண்டு வருகிறது என்பது வாதம். அரசுத் தரப்பு விஞ்ஞானிகள், இல்லை, அது ஆறுகள் அரித்துக்கொண்டு வரும் நிலக்கரித் துகள் என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கல்விக்கூடத்துப் பிணக்கு. உள்ளே பெரிய பணயம் இருந்தது. கசிவு எண்ணெய் என்றால் அதன் நச்சு மீனுக்கும் சிப்பிக்கும் எட்டும். அந்த உயிர்கள் கப்பலுக்கு முன்பே எண்ணெயில் வாழ்ந்தவை என்று சொல்லலாம். நிலக்கரி என்றால் நச்சு துகளுக்குள் பூட்டிக் கிடக்கும், எந்த உயிரையும் தொடாது; அப்படியானால் மீனிடம் தென்படும் பாதிப்புக்குக் கப்பல்தான் பதில் சொல்ல வேண்டும். பிறகு எக்ஸான் தரப்பு, கசிவோடு கூட அரித்துவரப்படும் மூலப்பாறைச் சேற்றின் பங்கையும் அழுத்திச் சொல்லத் தொடங்கியது. மூலத்தைத் தேடிப் போனவர்களிடம் மூலப்பாறையே பொடியாகி, எண்ணெய் ஆகும் முன்னரே மிதந்து வந்துவிட்டது. அதே கருவிகள், அதே முகடுகள், ஏறக்குறைய அதே தேர்ச்சி. விகிதங்களில் எதை முன்னிறுத்துவது என்பதில்தான் கட்சி பிரிந்தது. ஒரு தரப்பைப் பொய்யர்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. நிலக்கரிக்காரர்கள் பக்கம் என் மனம் சாய்கிறது என்றால், அது வேதியியலால் அல்ல, மீனவர்களால் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் எக்ஸான் மீதான பெரிய வழக்குக்கு இவை எதுவுமே தேவைப்படவில்லை. கப்பல் பாறை மேல் உட்கார்ந்திருந்தது, பெயர் எழுதிய பலகையோடு. 1994-இல் நடுவர் குழு 500 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது. மேல்முறையீடுகளில் அது தேய்ந்து தேய்ந்து, 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் 50 கோடியே 75 லட்சத்துக்கு இறங்கியது. அந்தத் தேய்மானத்தில் ஹோப்பேன்களுக்குப் பங்கில்லை. அது சட்டத்தின் கணக்கு. ஹோப்பேன்கள் உழைத்தது வேறிடத்தில். கரையைச் சுத்தம் செய்ய உரம் தூவிக் கிருமிகளை ஊக்குவித்தபோது, எவ்வளவு எண்ணெயைக் கிருமிகள் தின்றன என்று அளப்பது எப்படி என்று கேட்டார்கள். கரைக்குக் கரை, கல்லுக்குக் கல் எண்ணெயின் அளவு மாறும். வெறுமனே நிறுத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. 30 கரிம ஹோப்பேனைக் கிருமிகள் எளிதில் தொடுவதில்லை. ஆகவே அதை அசையாத முளைக்குச்சியாக அடித்து, மற்ற எல்லாம் அதற்கு எதிரே எவ்வளவு குறைந்தன என்று கணக்கிட்டார்கள். தொலைந்ததை, தொலையாததை வைத்து அளப்பது. 2001-இல் அந்தக் கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தபோது, மேலே வழவழப்பாகக் கழுவப்பட்ட கற்களுக்குக் கீழே, காற்றோட்டம் எட்டாத சரளைக்குள், இன்னும் ஓடக்கூடிய எண்ணெய் இருந்தது. அங்கே முகடுகளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்: இது 1989-ஆ, 1964-ஆ, கிழக்கே இருந்து வந்ததா என்று. அசையாத முளையும் என்றென்றைக்குமானது அல்ல. எண்ணெய்த் தேக்கங்களில் கடுமையாகக் கிருமி தின்ற எண்ணெய்களைப் பார்த்தால், முதலில் நேர்ச்சங்கிலிகள், பிறகு கிளைச்சங்கிலிகள், அதற்குப் பிறகு ஸ்டீரேன், ஹோப்பேன் என்று வரிசை அவற்றையும் எட்டுகிறது. சில இடங்களில் ஹோப்பேன் ஒரு கரிமத்தை இழந்து 25-நார்ஹோப்பேன் ஆகிக் கிடக்கிறது. அந்தக் கட்டத்துக்கு வந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால் அவர்கள் இன்னும் கடினமான, இன்னும் அற்பமான ஏதோ ஒரு மூலக்கூறைத் தேடத் தொடங்குவார்கள். கிடைக்கவும் கிடைக்கும். அதற்கும் மேலே தின்னப்பட்ட எண்ணெய்க்கு ஊர் கேட்டு யார் வருவார்கள் என்பதை எண்ணெய் தீர்மானிக்காது, வழக்கில் மிச்சமிருக்கும் பணம் தீர்மானிக்கும்.